புகை போட்ட கறிக்கு எந்த சாஸ்? என் ஓட்டு தண்ணியா இருக்குற வினிகருக்குத்தான்

எங்க வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல மார்ச் மாசம் எண்ணிப் பாத்தப்ப 9 பார்பெக்யூ சாஸ் பாட்டில் இருந்துச்சு. இட்லி மாவு டப்பாவ வைக்க எடமில்ல. வீட்டுக்காரர் ஒவ்வொரு பாட்டிலா வெளிய எடுத்து தேதி பாத்துட்டு, "இதுல உனக்கு நெசமாவே எது பிடிக்கும்னு ஒண்ணச் சொல்லு, மிச்சத்த தீத்துரலாம்"னாரு. சாதாரணமா கேட்டதுதான், ஆனா எனக்கு டக்குன்னு பதில் வரல. 5 வருஷமா ஸ்மோக்கர்ல, அதான் கறிய புகையிலயே வேகவைக்குற அடுப்புல, கறி போடுறேன், எந்தக் கடையில எந்தப் பீஸ் நல்லா இருக்கும், எந்தக் கட்டைய எப்படி எரிச்சா புகை கசக்காதுன்னு மணிக்கணக்குல பேசுவேன், சாஸ் விஷயத்துல மட்டும் கைக்கு வந்ததத்தான் ஊத்திட்டு இருந்திருக்கேன்னு அன்னைக்குத்தான் உறைச்சுது. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் இதே வேலையா இருந்து ஒரு முடிவுக்கு வந்துட்டேன், அதத்தான் இங்க எழுதி வைக்கிறேன்.

நாங்க இருக்குறது அமெரிக்காவுல வட கரோலினா மாநிலத்துல, கேரிங்கற ஊரு. சுத்தி நெறைய தமிழ் ஆளுங்க, தோசைக்கும் பஞ்சமில்ல, கொத்து பரோட்டாவுக்கும் பஞ்சமில்ல. ஆனா இந்த மாநிலத்துக்காரங்க சண்டை போடுற சாப்பாடுன்னா அது பார்பெக்யூதான். முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், இங்க பார்பெக்யூன்னா நம்மூர் ஓட்டல்ல டேபிள் நடுவுல கரி போட்டு கம்பியில குத்தித் தர்ற ஐட்டம் இல்ல, அதுக்கு இங்க கிரில்லுன்னு பேரு. பார்பெக்யூன்னா தீ ஒரு பக்கம், கறி ஒரு பக்கம், சூடு 225-ல இருந்து 250 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள்ள, ராத்திரி பூரா புகையில மெதுவா வேகுறது. அதுவும் கிழக்கு கரோலினா பக்கம் போனீங்கன்னா பார்பெக்யூங்கறது அவங்களுக்கு பெயர்ச்சொல், அதுக்கு ஒரே அர்த்தம், பன்னிக்கறி. சிக்கனப் போட்டா அது சிக்கன், அவ்வளவுதான்.

நான் அதிகமா போடுறது பன்னியோட முன்னந்தோள், இங்க பாஸ்டன் பட்டுன்னு சொல்லுவாங்க. 8 பவுண்டு பீஸ் ஒண்ணு வெந்து வர 12, 14 மணி நேரம் ஆகும். கறிக்குள்ள சூடு 160 டிகிரி பக்கம் வந்ததும் அப்படியே நின்னுக்கும், ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மீட்டர்ல நம்பரே நகராது. கறி மேல இருக்குற ஈரம் ஆவியாகுறப்ப அதே சூட்ட எடுத்துட்டுப் போயிடுது, நமக்கு வேர்த்தா உடம்பு குளிர்ற மாதிரியே. பொறுமையா விட்டோம்னா அந்த ஜவ்வு மாதிரி இருக்குற நாரெல்லாம் கரைஞ்சு ஜெலட்டின் ஆகி, 203 டிகிரி வாக்குல எலும்பு கையோட கழண்டு வந்துரும். 8 பவுண்டு வெச்சா 5 பவுண்டுக்கு சாப்புடற கறி கிடைக்கும். அவ்ளோ நேரம் முழிச்சிருந்து எடுத்த கறி அது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நான் போட்ட முதல் தோள்ப்பட்டை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, 13 மணி நேரம், காலைல 4 மணிக்கு எந்திரிச்சு கட்டை வெச்சது. பிச்சுப் போட்டு, கடையில வாங்குன கெட்டியான, இனிப்பான, பளபளன்னு இருக்குற சாஸ் ஒரு பாட்டிலுல பாதிய ஊத்திக் கலந்தேன், எல்லா வீடியோவுலயும் அப்படித்தான் காட்டுறாங்க. வந்தவங்க எல்லாம் சூப்பர் சூப்பர்னாங்க. நான் ஒரு வாய் வெச்சேன், வாயெல்லாம் வெல்லமும் தக்காளியும் பாட்டில்ல இருந்து வந்த புகை வாசமும்தான் இருந்துச்சு. நான் ராத்திரி போட்ட ஹிக்கரிக் கட்டை எங்க போச்சுன்னே தெரியல. ஓவன்ல வேகவெச்ச கறிக்கு அதே சாஸ ஊத்தியிருந்தா அதே ருசிதான் வந்திருக்கும். அன்னைக்கு யார்கிட்டயும் சொல்லல, ஆனா மனசுக்குள்ள உறுத்திட்டே இருந்துச்சு.

அதுக்கு ஒரு வருஷம் கழிச்சு ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒரு பெரியவர், கிழக்குப் பக்கம் கிரீன்வில்லுல பொறந்து வளர்ந்தவர், "நீ எய்டன் போயிருக்கியா? போகாம சாஸப் பத்தி பேசாத"ன்னு சொன்னாரு. ஒரு சனிக்கிழமை கிளம்பிட்டோம், ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆச்சு, புகையிலை வயலும் சோயா வயலுமா தட்டையான ஊருங்க. எய்டன்ங்கற ஊர்ல ஸ்கைலைட் இன்னுன்னு ஒரு பார்பெக்யூ கடை. 1947-ல பீட் ஜோன்ஸ்ங்கறவர் ஆரம்பிச்சது, கட்டடத்துக்கு மேல வாஷிங்டன் கேப்பிட்டல் மாதிரி ஒரு வெள்ளை டோம் வெச்சிருக்காங்க, 2003-ல ஜேம்ஸ் பியர்ட்ங்கற அமெரிக்க சாப்பாட்டு விருது வாங்குன கடை. உள்ள போனா மெனுல படிக்கறதுக்கே ஒண்ணும் பெருசா இல்ல. முழுப் பன்னிய ஓக் கட்டை நெருப்புல ராத்திரி பூரா வாட்டி, பெரிய மரக்கட்டை மேல வெச்சு ரெண்டு கையிலயும் ரெண்டு வெட்டுக்கத்தியோட டக டக டகன்னு கொத்துறாங்க. கண்ண மூடிக்கிட்டா பரோட்டாக் கடை வாசல்ல நிக்கிற மாதிரியே இருக்கும் அந்தச் சத்தம், என் பையன் சிரிச்சுட்டான். மொறுமொறுன்னு ஆன தோலயும் சேத்துக் கொத்தி, அங்கயே கட்டை மேலயே உப்பு, மிளகு, வினிகர், காரமான ஹாட் சாஸ் தெளிச்சுக் கலந்து, காகிதத் தட்டுல போட்டு, மேல தட்டையா ஒரு சோள ரொட்டி, அதுக்கு மேல கோஸ் ஸ்லா, அதான் நறுக்குன கோஸ் சாலட். முடிஞ்சுது.

நான் சாஸ் எங்கன்னு தேடுனேன். அதான் சாஸ், ஏற்கனவே உள்ள இருக்கு. கண்ணுக்கே தெரியல. ஆனா வாய்ல வெச்சதும் முதல்ல சுருக்குன்னு ஒரு புளிப்பு, அது ஓடுனதும் புகை, அதுக்குப் பின்னாடி கொழுப்போட இனிப்பு, கடைசில தொண்டைல மிளகாய். ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரிஞ்சுது. என் வீட்ல நான் தொலைச்ச அந்தக் கட்டை வாசம் இங்க முன்னாடி வந்து நின்னுச்சு. எனக்கு அந்த எடத்துலயே புரிஞ்சுது, நான் தப்பு பண்ணது கறில இல்ல, மேல ஊத்துனதுலதான்.

கிழக்கு கரோலினா சாஸுன்னா வினிகர், உப்பு, நுணுக்குன வரமிளகாய், மிளகு, சில வீட்ல ஒரு துளி சர்க்கரை. தக்காளியே கிடையாது. தண்ணி மாதிரி ஓடும். பாட்டில்ல வாங்கணும்னா ராலேல இருந்து 50 மைல்ல கோல்ட்ஸ்பரோன்னு ஒரு ஊரு இருக்கு, அங்க ஆடம் ஸ்காட்டுங்கற கறுப்பின போதகர் 1917-ல ஆரம்பிச்சதுன்னு லேபிள்லயே போட்டு வர்ற ஸ்காட்ஸ் சாஸ். அந்த ரெசிபி அவருக்குக் கனவுல வந்துச்சுன்னு அந்தக் குடும்பத்துல சொல்லுவாங்க. இன்னொண்ணயும் சேத்துச் சொல்லணும், இந்த முழுப்பன்னி சமையலோட கைவேலை பெரும்பாலும் அடிமையா வெச்சிருந்த ஆப்பிரிக்க மக்கள் கையில வளந்தது. குழி வெட்டுனது, கட்டை எரிச்சுக் கங்கு அள்ளுனது, ராத்திரி முழிச்சு மிளகாய் கலந்த வினிகர துணியில தொட்டுத் தொட்டுக் கறி மேல தடவுனது எல்லாம் அவங்கதான். இன்னைக்கு சாஸ் பாட்டில் மேல யார் படம் இருந்தாலும் இது மறக்கக்கூடாதுன்னு நெனைக்கிறேன்.

இது ஏன் வேலை செய்யுதுன்னு யோசிச்சா ரொம்ப எளிமை. தோள்க்கறில கொழுப்பு ஏற்கனவே இருக்கு, ஜெலட்டின் உதட்டுல ஒட்டுற அளவுக்கு இருக்கு, புகை இருக்கு, மேல் தோல்ல மசாலா கருகுன லேசான கசப்பு இருக்கு. இல்லாதது புளிப்பு ஒண்ணுதான். கெட்டி சாஸ் என்ன பண்ணுது, இருக்குறதுக்கு மேலயே இன்னும் இனிப்பையும் பிசுபிசுப்பையும் கொண்டாந்து கொட்டுது. வினிகர் இல்லாதத மட்டும் கொடுத்துட்டு ஒதுங்கிக்குது. அதுவும் போக பிச்ச கறி நூல் நூலா இருக்கும், தண்ணி சாஸ் அந்த நூலுக்குள்ள எல்லாம் எறங்கும், கெட்டி சாஸ் மேலயே உக்காந்துக்கும். எங்க ஊரு ஈரோடு. பள்ளிபாளையம் சிக்கன் எங்க வீட்டுக்கு ரொம்பப் பக்கம். அதுல என்ன இருக்கு, சிக்கன், விதை எடுத்த வரமிளகாய், சின்ன வெங்காயம், கருவேப்பிலை, பல்லு பல்லா நறுக்குன தேங்காய். கரம் மசாலாவ அள்ளிப் போட்டா அது பள்ளிபாளையமே இல்ல. கறி ருசிக்கு வழி விட்டு நிக்குற சமையல் அது. எய்டன்ல சாப்புட்டதும் எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அதான்.

மேற்குப் பக்கம் லெக்சிங்டன்ல வேற கட்சி. அங்க முழுப் பன்னி இல்ல, தோள் மட்டும், சாஸுக்கு 'டிப்'புன்னு பேரு, வினிகர்லயே கொஞ்சம் கெட்சப் கலந்து சிவப்பா இருக்கும், கோஸ் ஸ்லாவுல கூட மயோனைஸ் போடாம அந்த டிப்பையே ஊத்தி செவப்பா வெச்சிருப்பாங்க. 1984-ல இருந்து அக்டோபர்ல பார்பெக்யூ திருவிழா நடத்துறாங்க, தெருவே அடைச்சுக்கும். கிழக்குக்காரங்க "கெட்சப்பா, சீ"ம்பாங்க, மேற்குக்காரங்க "பன்னிய முழுசாப் போட்டு நல்ல கறியையும் கெட்ட கறியையும் ஒண்ணாக் கொத்துறீங்க"ம்பாங்க. வெளில இருந்து வந்தவளுக்கு ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கரண்டி கெட்சப்புதான். எனக்கு டிப் பிடிக்கும், குழந்தைங்களுக்கு இன்னும் பிடிக்கும். ஆனா ரெண்டுல ஒண்ணுன்னா நான் கிழக்குதான்.

சரி, என் வாய்க்குப் பிடிச்சத மட்டும் வெச்சு முடிவு பண்ணக்கூடாதுன்னு ஏப்ரல்ல ஒரு ஞாயித்துக்கிழமை வீட்ல ஒரு சோதனை வெச்சேன். 7 சாஸ், சின்னச் சின்ன கப்புல ஊத்தி அடியில நம்பர் ஒட்டி, பேரு யாருக்கும் சொல்லல. நாங்க நாலு பேரு, பக்கத்து வீட்டு அக்கா குடும்பம் நாலு பேரு. முதல் ரவுண்டு வெறும் ஸ்பூன்ல நக்கிப் பாத்து மார்க் போடணும். ரெண்டாவது ரவுண்டு அரைமணி நேரம் கழிச்சு, அதே சாஸ், ஆனா பிச்ச கறியோட. ஸ்பூன்ல போட்டப்ப 8 பேர்ல 6 பேரு இனிப்பான கெட்டி சாஸுக்குத்தான் முதல் மார்க், வினிகர் சாஸுக்கு மூஞ்சியச் சுளிச்சாங்க, பக்கத்து வீட்டுப் பையன் "ஆன்ட்டி இது ஊறுகாய் தண்ணியா"ன்னு கேட்டான். கறியோட போட்டப்ப அப்படியே தலைகீழா மாறிடுச்சு. முதல் ஒரு வாய்க்கு இனிப்பு சாஸ் நல்லா இருக்குன்னாங்க, ரெண்டாவது வாய், மூணாவது வாய் போகப் போகத் தெவிட்ட ஆரம்பிச்சுது. நான் மார்க்க விட கப்பத்தான் பாத்துட்டு இருந்தேன். கடைசில சுத்தமாக் காலியானது வினிகர் கப்புதான், ரெண்டு தடவை நிரப்பியிருக்கேன். இனிப்பு சாஸ் கப்புல முக்கால்வாசி அப்படியே இருந்துச்சு.

கடையில சாஸ் வாங்குறப்ப நம்ம எல்லாருமே பண்ற தப்பு இதுதான்னு எனக்குத் தோணுது. விரல்ல தொட்டு நக்கிப் பாத்து முடிவு பண்றோம். புளிக்குழம்ப சோறில்லாம குடிச்சுப் பாத்து உப்பு காரம் ஜாஸ்தின்னு சொல்ற மாதிரி அது. சாஸ் கறியோட போய்ச் சேர்ற எடத்துல எப்படி இருக்குதுங்கறதுதான் கணக்கு. லேபிளையும் திருப்பிப் பாருங்க, கெட்டி சாஸ் பாட்டில் நெறையதுல முதல் பொருளே கார்ன் சிரப்புதான், ரெண்டு டேபிள்ஸ்பூன்ல 16 கிராம் வரைக்கும் சர்க்கரை இருக்கும், கிட்டத்தட்ட நாலு டீஸ்பூன் சர்க்கரை. சுகர் இருக்குற பெரியவங்க வீட்ல இருந்தா இது சின்ன விஷயம் இல்ல.

அதுக்காக இனிப்பு சாஸே தப்புன்னு நான் சொல்ல வரல. ரிப்ஸுக்கு எனக்கு அதுதான் வேணும். ரிப்ஸ்ல கறி கம்மி, எலும்பு ஜாஸ்தி, வெளிப்பக்கம்தான் ருசியே, அதுல மெலிசா சாஸ் பூசி அது சுண்டி ஒட்டிக்கிட்டா தனி சுகம். ஆனா எப்பப் பூசுறோம்ங்கறதுல இருக்கு வித்தை. சாதா சர்க்கரை 320 டிகிரி பக்கம்தான் நிறம் மாற ஆரம்பிக்கும், ஆனா தேன்லயும் ஹை ஃப்ரக்டோஸ் கார்ன் சிரப்புலயும் இருக்குற ஃப்ரக்டோஸ் 230 டிகிரிலயே நிறம் மாற ஆரம்பிச்சுடும். ஆரம்பத்துலயே பூசுனா 5 மணி நேரத்துல கறுத்துக் கசந்து போயிரும். கடைசி 20 நிமிஷம், ரெண்டு தடவை, மெலிசா. அவ்ளோதான்.

இந்தக் கெட்டி இனிப்பு சாஸ் உலகம் பூரா பரவுனது கேன்சஸ் சிட்டி பேர்லதான். ஆனா அந்த ஊர்ல பார்பெக்யூவ ஆரம்பிச்சு வெச்ச ஹென்றி பெர்ரி, மெம்ஃபிஸ் பக்கத்துல இருந்து 1900-கள் தொடக்கத்துல வந்தவர், செய்தித்தாள்ல கறியச் சுத்தி வித்தவர், அவர் போட்ட சாஸ் காரமா, கடுமையா இருந்துச்சாம். அவர்கிட்ட வேலை பாத்தவங்க வழியா வந்ததுதான் ஆர்தர் பிரையன்ட்ஸ்ங்கற கடை. அவங்க காலத்துலதான் சாஸ் கொஞ்சம் சாந்தமாச்சு. அதுக்கப்புறம் 1977-ல ரிச் டேவிஸ்ங்கற ஒரு குழந்தைங்க மனநல டாக்டர் கேசி மாஸ்டர்பீஸ்னு ஒரு சாஸக் கொண்டாந்தாரு, 1986-ல பெரிய கம்பெனிகிட்ட வித்தாரு, அதுதான் இன்னைக்கு எல்லாரும் பார்பெக்யூ சாஸுன்னு மனசுல வெச்சிருக்குற அந்த ருசி. ஒரு ஊரோட அடையாளம்னு நம்ம நெனைக்கிறது பல நேரம் சூப்பர் மார்க்கெட் அலமாரிலதான் பொறந்திருக்கு.

எங்க அண்ணன் ஆஸ்டின்ல இருக்காரு, அவருகிட்ட இதப் பேசுனா "பாப்பா, சாஸ் கேக்குற கறி சரியா வேகாத கறி"ன்னு ஒரே வரில முடிச்சிடுவாரு. டெக்சஸ் நடுப்பகுதில அப்படித்தான். லாக்ஹார்ட்ல க்ரூஸ் மார்க்கெட்டுன்னு 1900-ல ஆரம்பிச்ச கறிக்கடை, பல வருஷமா சாஸும் கிடையாது முள்கரண்டியும் கிடையாதுன்னு போர்டு வெச்சே வியாபாரம் பண்ணாங்க. பிரிஸ்கெட்டுக்கு, அதான் மாட்டோட நெஞ்சுக்கறிக்கு, உப்பு, கரகரன்னு ஒடச்ச மிளகு, போஸ்ட் ஓக்குங்கற ஓக் கட்டையோட புகை, அவ்வளவுதான். போன டிசம்பர்ல அண்ணன் வீட்ல நான் வினிகர் பாட்டிலக் கையில எடுத்தேன், "அண்ணா ஒரு சொட்டு"ன்னு கேட்டேன், தட்டயே தள்ளி வெச்சுட்டாரு. சாப்ட்டுப் பாத்தா அவர் சொல்றது சரிதான். பிரிஸ்கெட்ட பிக்கிறதில்ல, துண்டு போடுறோம், அந்தக் கறுப்புத் தோல் மொறுமொறுப்புதான் அதுல பாதி சொத்து, எந்த சாஸ் பட்டாலும் அது ஊறிப் போயிரும். பிரிஸ்கெட்டுக்கு என் வீட்லயும் இப்ப சாஸ் கிடையாது. இந்த விஷயத்துல அண்ணன் ஜெயிச்சாரு.

தென் கரோலினாவோட மஞ்சள் கடுகு சாஸ் எனக்கு ரொம்ப நாள் பிடிபடல. 1700-கள்ல கொலம்பியா பக்கம் குடியேறுன ஜெர்மன்காரங்க கொண்டாந்த கடுகுப் பழக்கத்துல இருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க. கடுகு, வினிகர், கொஞ்சம் சர்க்கரை. பன்னிக்கறில சூடா போட்டா கடுகு வாசம் மத்ததெல்லாம் அமுக்குது, ஆனா மறுநாள் ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த ஆறுன கறிய சாண்ட்விச்சுல வெச்சு அதுமேல இதப் போட்டா பிரமாதம். அதனால கடுகு பாட்டில் தப்பிச்சுது.

அலபாமா வெள்ளை சாஸ் கதை வேற. டிகேட்டருங்கற ஊர்ல பாப் கிப்சன்னு ஒரு ரயில்வே தொழிலாளி 1925-ல ஆரம்பிச்சது, மயோனைஸ், வினிகர், நெறைய மிளகு. ஸ்மோக் பண்ண கோழிய முழுசா அந்த சாஸ்ல முக்கி எடுக்குறாங்க. படிக்கறப்ப எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. போன கோடையில அம்மா வந்திருந்தாங்க, அவங்க பன்னி தொடமாட்டாங்க, அதனால மூணு மாசமும் எங்க ஸ்மோக்கர்ல கோழிதான். வெள்ளை சாஸ்ல முக்கித் தந்தேன், ஒரு வாய் சாப்ட்டுட்டு ஒண்ணும் சொல்லாம ரெண்டாவது கால் பீஸ எடுத்தாங்க. கோழிக்கு கொழுப்பு கம்மி, புகையில நெஞ்சுக்கறி காஞ்சு போகும், அந்த மயோனைஸ் அதுக்குக் கொழுப்பக் கொடுக்குது. பன்னிக்கு புளிப்பு குறை, கோழிக்குக் கொழுப்பு குறை, அதது இல்லாதத ஊத்துனாத்தான் அது சாஸ். அம்மா ஊருக்குக் கிளம்புறப்ப "அந்த வெள்ளையா ஒண்ணு ஊத்துவியே கண்ணு, அதுல நாலு பல்லு பூண்டு தட்டிப் போடு, இன்னும் நல்லாருக்கும்"னு சொல்லிட்டுப் போனாங்க. போட்டுப் பாத்தேன், அவங்க சொன்ன மாதிரியே நல்லாத்தான் இருக்கு.

இப்ப நான் வீட்ல கலக்குற வினிகர் சாஸ் அளவு சொல்றேன், கேரில மட்டும் இல்ல எங்க இருந்தாலும் பண்ணலாம். ஆப்பிள் சைடர் வினிகர் 1 கப், சாதா வெள்ளை வினிகர் 1 கப், ரெண்டும் பாட்டில்ல 5 சதவீதம் அமிலம்னு போட்டிருக்கணும். கல்லுப்பு 2 டீஸ்பூன், மிளகு ஒண்ணு ரெண்டா ஒடச்சது 1 டீஸ்பூன், வரமிளகாய் நுணுக்குனது 1 டேபிள்ஸ்பூன், நாட்டுச்சர்க்கரை 1 டீஸ்பூன், அது கூட வினிகரோட முனைய மழுக்கத்தான், இனிப்புக்கு இல்ல. அடுப்புல வைக்க வேணாம். பாட்டில்ல ஊத்தி நல்லாக் குலுக்கி ரெண்டு நாள் விட்டுருங்க. அன்னைக்கே ஊத்துனா வினிகர் தனி காரம் தனியாத்தான் இருக்கும், மிளகாய்ல இருந்து காரம் மெதுவாத்தான் எறங்கும். பீட்சாவோட தர்ற சில்லி ஃப்ளேக்ஸ விட நம்ம வரமிளகாய வாணல்ல லேசா சூடு பண்ணிக் கையாலயே நுணுக்குனா நிறமும் வாசமும் வேற மாதிரி வருது. 8 பவுண்டு தோளுக்கு இதுல முக்கால் கப் போதும், பிச்சதும் சூடா இருக்கறப்பவே தெளிச்சுக் கலந்து மூடி வெச்சு 10 நிமிஷம் விடுங்க, மிச்சம் டேபிள்ல வைங்க, வேணுங்கறவங்க ஊத்திக்கட்டும். உப்பும் வினிகரும்தான்றதால வெளில அலமாரிலயே இருக்கும், ஃபிரிட்ஜே தேவையில்ல. வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடிச்சது இந்த ஒரு விஷயம்தான்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் இன்னும் முடிவாகாம இருக்கு, ஆட்டுக்கறி. கென்டக்கில ஓவன்ஸ்பரோன்னு ஒரு ஊரு, ஒஹையோ ஆத்தங்கரைல, அங்க பார்பெக்யூன்னா மட்டன், அதுவும் நல்லா முத்துன செம்மறி. ஒரு காலத்துல அந்தப் பக்கம் கம்பளிக்காக செம்மறி நெறைய வளத்தாங்க, கம்பளி குடுத்து முடிச்ச வயசான ஆட்டுக்கறி முரடா வாசமா இருக்கும், அத மணிக்கணக்குல புகையில போட்டாத்தான் மெத்துன்னு ஆகும். அதுக்கு அவங்க ஊத்துறது 'கறுப்பு டிப்'. வொர்செஸ்டர்ஷயர் சாஸ், வினிகர், மிளகு, எலுமிச்சை, கொஞ்சம் ஆல்ஸ்பைஸ். கறுப்பா, தண்ணியா, ரசம் பதத்துல இருக்கும்.

நான் அந்த வொர்செஸ்டர்ஷயர் பாட்டிலத் திருப்பி லேபிளப் படிச்சேன். லியா அன்ட் பெரின்ஸ், 1837-ல இருந்து இங்கிலாந்துல விக்கிறாங்க. வினிகர், வெல்லப்பாகு, நெத்திலி மாதிரி ஒரு மீனு, அப்புறம் புளி. நம்ம புளிதான், அந்த லேபிள்லயே போட்டிருக்கு. ஆக, கென்டக்கில தலைமுறை தலைமுறையா மட்டனுக்கு ஊத்துற சாஸ்ல புளித்தண்ணி ஓடிக்கிட்டு இருக்கு, மட்டன், மிளகு, புளின்னு நம்ம வீட்டு அடுப்பங்கரைல இருக்குற மூணும் அங்க ஒரே தட்டுல உக்காந்திருக்கு. அத படிச்சதுல இருந்து எனக்கு மனசு நிக்கல. பாட்டில் இல்லாம நேரா புளியவே கரைச்சு, மிளகு தூக்கலாப் போட்டு, கொஞ்சம் வினிகர், கொஞ்சம் கருப்பட்டி வெச்சு ஒரு டிப் கலந்து ரெண்டு தடவை பாத்துட்டேன். முதல் தடவை புளி ஜாஸ்தியாகி குழம்பு வாசம் வந்துருச்சு, ரெண்டாவது தடவை பரவால்ல, ஆனா கருப்பட்டிய இன்னும் பாதியாக் குறைக்கணும்.

மாரிஸ்வில்லுல இருக்குற ஹலால் கடைல ஆட்டுத் தோள் முழுசா எலும்போட எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன், வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. ஹிக்கரி வேணாம், அது ஆட்டுக்கு ரொம்பத் தூக்கலா இருக்கும், ஓக் கட்டையே எடுத்து வெச்சிருக்கேன். சனிக்கிழமை காலைல 5 மணிக்கு தீ மூட்டுறேன்.